சுவரொட்டியில் இருந்த கை

ஊரில் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாலும் அந்தக் கை கண்ணில் படும். ஒரு பெண்ணின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆண் கை. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இருக்காது, படத்தை அங்கேயே வெட்டிவிட்டார்கள். நடுவிரல் பாதிதான் இருக்கும். கீழே கொட்டை எழுத்தில் 'இந்தக் கையை அடையாளம் காணுங்கள்' என்று போட்டு, அதற்கும் கீழே ஆள் கடத்தல் தடுப்புத் துறையின் தொலைபேசி எண்ணைப் போட்டிருப்பார்கள்.

மெஷின்காரிக்கு அடையாளம் காட்ட யாரும் தேவையில்லை. அது அவளுடைய அண்ணன் கை. பிடிபட்டிருக்கும் முழங்கை அவளுடையது.

மெஷின்காரி என்பது தெருவில் வைத்த பெயர். தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். தைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர்கள் மெஷின் சரியாவது சந்தேகம்தான். தைக்கச் சொல்லி அவளை உட்கார வைத்தவர்கள்மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறான். வேலையில் இரண்டு கைக்கும் உறை போட்டுக்கொள்வான். வலது உறையின் நடுவிரலில் பஞ்சு அடைத்திருக்கும். உறை இல்லாதபோது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். பேருந்தில் சில்லறை கொடுப்பதும் இடது கையால், கதவைத் திறப்பதும் இடது கையால். ஒருமுறை மறந்துபோய் வலது கையால் கம்பியைப் பிடித்துவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண் அந்தக் கையைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே சுவரொட்டியைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய் ஓட்டுநர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள்மேல் தப்பே இல்லை. அரசாங்கம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்தக் குழந்தை செய்தது. அன்றைக்குப் பைக்குள் போன கை, வீட்டில் சோற்றுக்கு முன்னால்தான் வெளியே வரும்.

அது போதாதென்று, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையிலும் அவன் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். கடத்தல்காரர் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. ஆறு வருஷம் சிறை, வெளியே வந்து ஆறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை. பட்டியலிலிருந்து பெயரை எடுக்க நான்கு முறைதான் மனுப் போடலாம் என்பது சட்டம். மூன்று போயே போய்விட்டது. நான்காவது அடுத்த மாதம் மறுஆய்வுக் குழுவுக்கு வருகிறது. அதுவும் போனால் சாகிறவரைக்கும் செவ்வாய்க்கிழமைதான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் ஒரே ஏஜெண்டை நம்பி, ஒரே லாரியில் ஏறி, ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் போய் மாட்டினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு இருபத்துநான்கு. அப்பா அம்மா இல்லை. போய்ச் சேர்ந்த அன்றே அடையாள அட்டைகளை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அப்புறம் வாசலையும் பூட்டினார்கள். பெண்கள் முப்பத்தொன்று பேர் பசை தடவினார்கள், மடித்தார்கள், கட்டினார்கள். ஆண்கள் ஒன்பது பேர் வெட்டும் மெஷினில் நின்றார்கள். அடித்தால் எல்லோருக்கும் அடி, பட்டினி போட்டால் எல்லோருக்கும் பட்டினி. முதலாளி அந்த விஷயத்தில் ஆண் பெண் வித்தியாசம் பார்த்ததில்லை. ஏழாவது மாதம் வெட்டும் மெஷின் அண்ணனின் நடுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டது. துணியைச் சுற்றிவிட்டு மறுநாள் அதே மெஷினில் நிறுத்தினார்கள்.

பதினாலாவது மாதம் ஒரு காலையில், பத்து மணி இருக்கும், ஆள் கடத்தல் தடுப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். காவலுக்கு இருந்த தடியர்கள் அதிகாரிகள் முன்வாசலைத் தட்டுவதற்குள் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்கள். உள்ளே மிஞ்சியது கைகட்டி நின்ற நாற்பது பேர்தான்.

சோதனையை நடத்த வந்த அதிகாரி கையில் ஒரு படிவம் இருந்தது. படிவத்தில் இரண்டே பத்திகள். இடது பக்கம் 'மீட்கப்பட்ட மகளிர்'. வலது பக்கம் 'கைதானவர்கள்'. அந்தக் காகிதத்தில் ஓர் ஆணை எழுதவேண்டும் என்றால் வலது பக்கத்தில்தான் எழுதமுடியும். இடது பக்கம் அவனுக்கு இடமே வைக்கவில்லை. முப்பத்தொன்று பேரை இடது பக்கம் எழுதினார், ஒன்பது பேரை வலது பக்கம் எழுதினார். முற்றத்திலும் அப்படியே பிரித்து நிறுத்தினார்கள். அண்ணன் மட்டும் தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இவள் என் தங்கச்சி, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டான். பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. அதிகாரி அவள் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினார், புகைப்படக்காரர் படம் எடுத்தார், பிறகு அதிகாரி அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

கையை விடாமல் நின்றதற்குத்தான் அண்ணனுக்குத் தண்டனை என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். தடியர்கள் ஓடிவிட்டார்கள், முதலாளி அகப்படவில்லை, ஆனால் வழக்கு என்று இருந்தால் ஒரு குற்றவாளி வேண்டுமே. மற்ற எட்டுப் பேருக்கு அடையாள அட்டை இல்லாமல் இருந்த குற்றம். அண்ணனுக்குக் காவலாளி என்ற பட்டம். 'பின்வாசலில் சாவியோடு தப்பி ஓடும்போது நானே மடக்கிப் பிடித்தேன்' என்று அந்த அதிகாரி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். அவர் ஒருவர் சொல்தான் சாட்சி, பெண்களில் ஒருத்தியையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆறு வருஷம் கொடுத்தார்கள்.

அதே அதிகாரி படிப்படியாக ஏறி இப்போது துறைக்கே இயக்குநர். மீட்கப்பட்ட பெண்கள் அவருக்கு வைத்த பெயர் போர்வைக்காரர். எங்கே சோதனைக்குப் போனாலும் வண்டியில் ஒரு புதுப் போர்வையும் ஒரு புகைப்படக்காரரும் தயாராக இருப்பார்கள். போர்த்துவதற்குப் பெண் கிடைக்காத இடத்துக்கு அவர் போவதில்லை.

மீட்கப்பட்ட முப்பத்தொன்று பேரையும் பாதுகாப்பு விடுதியில் வைத்தார்கள். வாசலில் பூட்டு, ஜன்னலில் கம்பி. இங்கேயும் பூட்டா என்று கேட்டவளுக்கு, இது உன் நன்மைக்கான பூட்டு என்று விளக்கம் கிடைத்தது. காலையிலிருந்து மாலைவரை தையல். மெஷின்காரிக்கு வெட்டும் மெஷின்மேல்தான் ஆசை, தொழிற்சாலையில் அது மக்கர் செய்தால் அண்ணனோடு சேர்ந்து கழற்றிப் பூட்டியவள். வேறு வேலை சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். பெண்களுக்கான மறுவாழ்வு என்ற தலைப்பின்கீழ் தையல் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். தானமாக வந்த மெஷின்கள் பாதிக்குமேல் ஓட்டை. அவள் தைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அவற்றைக் கழற்றக் கற்றுக்கொண்டாள்.

சிறையிலிருந்த அண்ணனுக்காவது ஆறு வருஷம் என்று ஒரு முடிவு இருந்தது. மீட்கப்பட்டவளுக்கு அதுவும் இல்லை. விடுதியைவிட்டு ஒருத்தி வெளியே போகவேண்டும் என்றால் அப்பா, கணவன், உடன்பிறந்தவன் என்று ஓர் ஆண் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். நேரில் வரமுடியாதவர் அரசு முத்திரையோடு தபாலில் அனுப்பலாம். ஆண் இல்லாதவள் ஆண் கிடைக்கும்வரை இருக்கலாம். அவளுக்கென்று இருந்த ஒரே ஆணை இவர்களேதான் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் அலுவலக எழுத்தர் வழக்கம்போல, உனக்கு ஆண் துணை யாரும் இல்லையா என்று கேட்டார். அண்ணன் இருக்கிறார் என்றாள். விலாசம் கேட்டார். மதில் தெரு, எண் ஒன்று என்று சொன்னாள். அது மத்தியச் சிறையின் விலாசம். அந்தத் தெருவில் வேறு கட்டடமே கிடையாது. எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். படிவம் தபாலில் போயிற்று. அண்ணன் கையெழுத்துப் போட்டான். கைதிகள் அனுப்பும் கடிதத்தில் குத்துகிற 'பார்வையிடப்பட்டது' என்ற வட்ட முத்திரையைச் சிறையில் குத்தினார்கள். பத்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. ஊதா மையில் வட்டமாக ஒன்று இருந்தால் அது அரசு முத்திரை, எழுத்தருக்கு அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது. மேஜைக்கு மேஜை நகர்ந்து போர்வைக்காரரிடம் போயிற்று. அச்சடித்திருந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அவளைக் கடத்தியதாகச் சிறையில் இருந்தவனின் பொறுப்பில் அவளை வெளியே அனுப்பினார்கள். குற்றவாளி வேண்டியிருந்தபோது ஆணாக இருந்ததால் அவன் குற்றவாளி, கையெழுத்து வேண்டியிருந்தபோது ஆணாக இருந்ததால் அவனே காப்பாளன். விடுதி வாசலைத் தாண்டி முக்கு திரும்பியபிறகு அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அதற்குப்பிறகு அவள் அப்படிச் சிரிக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்று மனுக்களையும் அவள்தான் எழுதினாள். ஒவ்வொன்றும் குறிப்புரைக்காக இயக்குநர் மேஜைக்குப் போகும். ஒவ்வொன்றிலும் அவர் ஒரே குறிப்பை எழுதுவார்: 'மனுதாரர் ஆண். பாதிக்கப்பட்டவர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். பின்வாசலில் என்னால் பிடிக்கப்பட்டவர்.' அத்தோடு கதை முடிந்தது. மறுஆய்வுக் குழுவின் தலைவி ஒரு நீதிபதி, நேர்மையானவர் என்று பேர். ஆனால் அவர் கண்ணுக்குப் போகிற எந்தக் காகிதமும் போர்வைக்காரரின் பேனாவைத் தாண்டித்தான் போகமுடியும். காகிதத்தால் இந்த ஆளைத் தொடமுடியாது என்று அவளுக்கு மூன்றாவது மனுவோடு புரிந்துபோயிற்று. கண்ணுக்கு நேராக, நீதிபதி காதுக்கு நேராக, இந்த ஆளை ஒரு கை பார்த்தாகவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் துறையிலிருந்து அவளைத் தேடி வந்தார்கள். ஆண்டு விழாவில் பேச மீட்கப்பட்ட ஒரு பெண் வேண்டுமாம். சுவரொட்டியில் இருப்பவளே பேசினால் எடுப்பாக இருக்குமாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, வருகிறேன் என்றாள். பேச்சை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் பத்தி முடிவில் 'இங்கே குரல் தழுதழுக்கவும்' என்று குறிப்பும் இருந்தது. அவள் தழுதழுத்தாள். மூன்று வருஷம், மூன்று விழா, மூன்று முறையும் குறித்த இடத்தில் பிசகாமல் அழுதாள். போர்வைக்காரருக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது. மேடையில் சுவரொட்டியைக் காட்டி, இந்தக் கையை எப்படிப் பிரித்தேன் தெரியுமா என்று அபிநயம் பிடிப்பார். முதல் வருஷம் விரல்களைப் பிரித்தார். இரண்டாம் வருஷம் அந்தக் கயவன் கத்தி வைத்திருந்தான். மூன்றாம் வருஷம் கத்தி நீளமாயிற்று. முன்வரிசையில் அவர் மனைவியும் மகளும் கைதட்டுவார்கள்.

நீதிமன்றத்தில் பின்வாசல், மேடையில் முற்றம். ஒரே மனிதனை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறார் இந்தப் புண்ணியவான். படத்தில் இருக்கும் கை யாருடையது என்று யாருக்கும் தெரியாத தைரியம். ஒருவேளை அவருக்கே மறந்துபோயிருக்கலாம் என்று நினைத்தபோது அவளுடைய கோபம் இரண்டு மடங்காயிற்று.

இந்த வருஷம் விழாவோடு புதிய ஆள் கடத்தல் தடுப்புக் கொள்கையும் வெளியாகிறது, வெளியிடுவது நீதிபதி என்று அழைப்பிதழில் பார்த்தாள். அட்டையில் அதே கை. உள்ளே முதல் பக்கத்திலேயே, 'பாதிக்கப்பட்டவர் என்பவர் ஒரு பெண் அல்லது குழந்தை' என்று இருப்பதாகத் துறையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டிய நாள் இதுதான். ஒரே ஒரு காகிதம் குறைந்தது.

அந்தக் காகிதம் விடுதியின் கோப்பு அறையில் இருந்தது. முன்பு இரண்டு முறை நகல் கேட்டு, ரகசியக் கோப்பு என்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது நேரம் கூடி வந்தது. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு துணிப்பைகள் தைக்கும்படி விடுதிக்கு உத்தரவு. பன்னிரண்டு மெஷினில் ஒன்பது படுத்துவிட்டன. வார்டன் பதறிப்போய் ஆள் அனுப்பினாள். மெஷின்காரி ஒன்பதையும் கழற்றி, எண்ணெய் போட்டு, எட்டைப் பூட்டினாள். ஒன்பதாவதை அப்படியே தரையில் பரப்பி வைத்துவிட்டு, கூலி எதுவும் வேண்டாம், என் விடுதலைப் படிவத்தின் நகல் போதும் என்றாள். வார்டன் தரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உன் காகிதம்தானே என்று முனகிக்கொண்டே சாவியை எடுத்தாள்.

அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கூட்டத்தில் கையை வெளியே எடுப்பதா, அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்திலா என்று அவன் சாப்பாட்டையே தள்ளிவைத்தான்.

"எல்லாரும் பாத்துட்டு என்னைத்தான் பிடிப்பாங்க, பாப்பா. நாலாவது மனுவாவது ஒழுங்கா போகட்டும். வம்பு வேண்டாம்."

"ஒழுங்காத்தான் மூணு மனுப் போட்டோம், அண்ணே. நீ எதுவும் பேசவேண்டாம். கடைசி வரிசையில உக்காரு. நான் கூப்பிடறப்ப வா. வரலைன்னா இந்த ஜென்மத்துக்கும் செவ்வாய்க்கிழமைதான்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். ஆனால் விழா அன்று காலையில் சட்டையை அவனே தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக அந்தக் கை தொங்கியது. நீதிபதி நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வயதான, அதிகம் பேசாத அம்மாள். கொள்கையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார். பத்திரிகைக்காரர்கள் கீழே நின்றார்கள். அண்ணன் கடைசி வரிசையில், வலது கை பைக்குள்.

மெஷின்காரி எழுதிக் கொடுத்த பேச்சைப் படித்தாள். முதல் பத்தி, இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தி முடிவில் தழுதழுக்கவேண்டிய இடம் வந்தது. அவள் காகிதத்தை மடித்தாள். இதற்குமேல் தன்னைவிடச் சாரே சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும், அந்தக் கையை எப்படிப் பிரித்தார் என்று நீதிபதி அம்மாவுக்கு நேராக அவரே சொல்லட்டும் என்று பணிவாகக் கேட்டாள்.

போர்வைக்காரருக்குக் கேட்கவா வேண்டும். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தருகே போனார். முற்றத்தின் நடுவில் நின்ற இந்தப் பெண்ணை அந்தக் கயவன் பிடித்திருந்ததையும், தான் போர்வையைப் போர்த்தியதையும், கத்தியைப் பொருட்படுத்தாமல் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததையும் சொன்னார். சொல்லும்போது படத்தில் இருந்த விரல்களைத் தொட்டுக் காட்டினார். பாதி நடுவிரலைக்கூட விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் பதிவு செய்துகொண்டார்கள்.

அவர் கைதட்டலுக்காக நின்ற இடைவெளியில் அவள் ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"அண்ணே, வா."

கடைசி வரிசையில் யாரும் எழவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காக மூன்று வருஷம் இந்த ஆளின் மேடையில் அழுதிருக்கிறாள், இவன் உட்கார்ந்தே இருந்துவிட்டால் எல்லாம் போச்சு. மறுபடி கூப்பிட அவளால் முடியவில்லை. பிறகு நாற்காலி ஒன்று நகர்ந்தது. அண்ணன் நடுவழியாக நடந்து வந்தான். தலை குனிந்திருந்தது, கை பைக்குள்ளேயே இருந்தது. மேடையில் ஏறி, படத்துக்கு முன்னால் நின்று, அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு வலது கையை வெளியே எடுத்து, படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

பாதி விரலுக்குப் பாதி விரல். போர்வைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் சத்தம் போடாமல் சொன்னாள். இது தன் உடன்பிறந்த அண்ணன், தன்னோடு லாரியில் ஏறியவன், தன்னோடு பூட்டப்பட்டவன், அங்கே இருந்த வெட்டும் மெஷின் எடுத்த விரல் இது. நீதிமன்றத்தில் சார் இவரைப் பின்வாசலில் பிடித்ததாகச் சத்தியம் செய்தார், அதற்கு ஆறு வருஷம். இப்போது முற்றத்தில் தங்கையின் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார்.

போர்வைக்காரர் ஒருவழியாகச் சுதாரித்துக்கொண்டார். விரல் வெட்டுப்பட்டவன் ஊரில் ஆயிரம் பேர் இருப்பான், இவன் இவளுக்கு அண்ணன் என்று யார் சொன்னது, குற்றவாளிகள் உறவு கொண்டாடுவது சகஜம் என்றார். அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். மடியிலிருந்து நகலை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தாள்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. கீழ கையெழுத்து உங்களுது."

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். 'மேற்கண்டவர் இப்பெண்ணின் உடன்பிறந்த அண்ணன் என்பதும், நன்னடத்தை உள்ளவர் என்பதும், காப்பாளராக ஏற்கத் தகுந்தவர் என்பதும் விசாரித்து அறியப்பட்டது.' வட்ட முத்திரையை உற்றுப் பார்த்தார். மத்தியச் சிறை என்று அதையும் படித்தார். முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். இயக்குநரின் மகள் தட்டுவதற்காகத் தூக்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நீதிபதி இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"பின்வாசல்ல பிடிச்சீங்களா, முற்றத்துல பிரிச்சீங்களா? ரெண்டுல எது?"

பின்வாசல் என்றால் இப்போது சொன்னது பொய். முற்றம் என்றால் அன்றைய சத்தியம் பொய். கையும் களவுமாகப் பிடிபட்டவன் எப்படி நிற்பான் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அப்படியே நிற்கட்டும் என்று ஆசையாக இருந்தது.

நீதிபதி அன்றைக்குக் கொள்கையை வெளியிடவில்லை. முதல் பக்கத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் நான்காவது மனுவை எடுத்து, பட்டியலிலிருந்து அண்ணனின் பெயரை நீக்கினார். மற்ற எட்டுப் பேரையும் தேடச் சொன்னார். இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள், மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை. போர்வைக்காரரைப் பணியிலிருந்து நிறுத்தி, பொய்ச் சாட்சி சொன்னதற்கு விசாரணை வைத்தார்கள். வரையறையில் 'ஒரு பெண் அல்லது குழந்தை' என்பதை அடித்து 'எவராயினும்' என்று எழுதப்போகிறார்களாம். எழுதட்டும். படிவத்தில் பத்தி மாறினால்தான் அவள் நம்புவாள். சுவரொட்டிகளைக் கிழிக்க ஆள் விட்டார்கள். கடைக்கு எதிரே இருந்ததை மட்டும் அவளே சுரண்டி எடுத்தாள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து அரை மணி நேரத்தில் வாசலில் போர்வைக்காரர் நின்றார். வண்டி இல்லை, புகைப்படக்காரர் இல்லை. கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். அன்றைய குழப்பத்தில் நேர்ந்த பிழை அது, அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று அவள் எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் விசாரணை இளகும்.

அவள் பிரித்துப் போட்ட மெஷினிலிருந்து நிமிரவில்லை. வாசல் பெஞ்சைக் காட்டி, உட்காருங்கள் கூப்பிடுகிறேன் என்றாள். விடுதியில் அவளிடம் தினம் சொன்ன அதே வாசகம். பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. வருகிறவர்கள் போகிறவர்கள் அவரை உற்றுப் பார்த்தார்கள். பத்திரிகையில் படம் வந்திருந்ததால் அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது. கடைசியில் அவரே எழுந்து வந்தார்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? உன்னைக் காப்பாத்தினது நான்தானே?"

அப்போதுதான் அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். நிதானமாகப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"போடறேன் சார். ஆனா தனியா வர்றவங்களை நம்பிப் போடறதில்லை. உங்களுக்குப் பொறுப்பு ஏத்துக்கறேன்னு உங்க வீட்டுப் பொம்பளை யாராவது வந்து முதல்ல கையெழுத்துப் போடட்டும். மனைவியோ மகளோ, யாரா இருந்தாலும் சரி."

அவர் அவளையே பார்த்தார். அது எந்தச் சட்டம் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வெளியே போய்த் தொலைபேசியை எடுத்தார். முதல் அழைப்பை மனைவி எடுக்கவில்லை. இரண்டாவதில் நாலு வார்த்தை பேசினார், அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மகளைக் கூப்பிட்டார். மேடையைப் பார்த்துக் கைதட்டிய அந்தப் பெண் என்ன சொன்னாளோ, இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது காகிதம் கையில் கசங்கியிருந்தது.

"வரமாட்டேங்கிறாங்க," என்றார்.

"எனக்கும் ரெண்டு வருஷம் நாலு மாசம் யாரும் வரலை, சார். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வேறு எங்கே போவது என்று தெரியாதவர்போல உட்கார்ந்தார். அவள் மெஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் இரண்டு தேநீரோடு வந்தான். வெளியே வந்து ஆறு வருஷத்தில் காவல் நிலையம் போகாத முதல் செவ்வாய்க்கிழமை. இரண்டு கையிலும் ஒவ்வொரு தம்ளர். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றான். வலது கை தன்னை மறந்து பைக்குப் போகப் பார்த்தது, தம்ளர் இருந்ததால் போகவில்லை. இவர் எதற்கு இங்கே என்று கண்ணாலேயே கேட்டான்.

"கையெழுத்துப் போட ஆள் இல்லாம காத்திருக்கார்," என்றாள் மெஷின்காரி, தேநீரை வாங்கிக்கொண்டு.